சுவருக்குள் ஒரு கொலைகாரன்

நாட்டு மக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு!

ஆயிரம் தொழிலாளிகளுக்குத் தலைக்கவசம் மாட்டிவிட்ட மாபெரும் சேஃப்டி ஆபீசர், பட்டப்பகலில், தன் படுக்கையறையிலேயே கொலை செய்யப்பட்டார்...

ஏறக்குறைய.

"ஆஆஆ...!"

டமார்!

ஸ்டூலில் நின்று சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தவர் ஷாக் அடித்துக் கட்டிலில் விழுந்தார். ட்ரில்லிங் மெஷின் ஒரு பக்கம்... அவர் மாட்டவிருந்த 'ஆண்டின் சிறந்த பாதுகாப்பு அதிகாரி' விருது இன்னொரு பக்கம். மெயின் பெட்டியில் ட்ரிப்பர் விழுந்து கரன்ட்டைத் துண்டித்ததால் உயிர் மிச்சம்.

மனைவியின் தங்கை ஜீப்பில் வந்து இறங்கினாள். இன்ஸ்பெக்டர்!

"உங்க அக்காவைப் பிடி! இடத்தைக் காட்டினதே அவதான். பென்சில்ல புள்ளியே வெச்சா... சதி!" என்று அலறினார் ஆபீசர்.

"ஐயோ, இவரைக் கொன்னுட்டு நான் யார்கூடடி சண்டை போடுவேன்?"

"ஏன்க்கா அந்த இடம்?"

"ஒயர் ஸ்விட்ச்சுக்கு நேர் மேல போகும். இல்லேன்னா நேர் பக்கவாட்டுல போகும். ரெண்டுலயும் படாம தள்ளி வெச்சேன்!"

"கேட்டியா? எல்லாம் தெரிஞ்சே செஞ்சிருக்கா! அரெஸ்ட் பண்ணு!"

இன்ஸ்பெக்டர் மெயினை அணைத்தாள். சுத்தியலை எடுத்தாள்.

டக்... டக்...

பூச்சு உதிர்ந்தது. உள்ளே ஒயர்! கூரை மூலையிலிருந்து கட்டில் தலைமாட்டு ஸ்விட்ச்சுக்கு... கோணலாக... பைப்கூட இல்லாமல்... பென்சில் புள்ளி வழியாகவே ஓடியது!

"நேரா இறக்க வேண்டிய ஒயரை இப்படிச் சாய்ச்சுப் போட்டவன்தான் குற்றவாளி, மாமா."

"அயோக்கியன்! உள்ளே தள்ளு அவனை!"

"தள்ளிடலாம். போன மாசம் இந்த ஸ்விட்ச் கதவு பக்கம்தானே இருந்துச்சு? இங்கே மாத்தினது யாரு?"



ஆபீசர் விருதைப் பார்த்தார். விருது அவரைப் பார்த்தது.

"படுத்துக்கிட்டே லைட்டை அணைக்கலாம்னு... எலக்ட்ரிஷியன் எதுக்கு, நமக்குத் தெரியாததான்னு..."

"ஏன் சாய்ச்சீங்க?"

"சுவரைக் கொத்தினதுல கை வலிச்சுது. குறுக்கால போனா சீக்கிரம் முடியும்ல..."

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தாள்.

"எந்தக் கையில போடட்டும், மாமா?"

"வலிக்காத கையில போடுடி!" என்றாள் அக்கா.

மறுநாள் எலக்ட்ரிஷியன் வந்து, பைப் பதித்து, ஒயரை நேராக இறக்கினார்.

விருது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அங்கே ஆணி தேவையில்லை.