ஓடைப் பக்கத்துப் பாதி

விடிந்ததும் விடியாததுமாகப் பிரித்திகாவின் அடுப்படியில் பாத்திரங்கள் உருண்டன. சீனித்தாய்க்குப் பழகிப்போன சத்தம். ஆடியிலிருந்து ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிகிறது. அவள் தூக்கி வளர்த்த கொழுந்தன் மாதவன், அவள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை.

எல்லாம் ஆட்டுக்கிடையால் வந்த வினை. எருவுக்காக ராத்திரியில் யார் காட்டில் ஆடுகளை அடைக்கிறார்களோ, அவர் வீட்டில்தான் கிடைக்காரருக்குச் சோறு என்பது இந்தப் பக்கத்து வழக்கம். சித்திரையில் கிடைக்காரர் கண்ணுசாமிக்குச் சோறு போட்டவள் சீனித்தாய். அப்போது அவள் புருஷன் சோலைச்சாமி குளத்தூர் உப்பளத்தில் கிடந்தான். மாதவனும் அவன் பெண்டாட்டி பிரித்திகாவும் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தார்கள். ஆடியில் ஊர் திரும்பியபோது காடு உழுது கிடந்தது. புழுக்கை கண்ணில் படவில்லை. சோறு போட்ட கதை மட்டும் காதில் விழுந்தது. பிறகென்ன!

காட்டைப் பங்கு பிரித்தபோதே சோலைச்சாமி நல்ல பாதியை எடுத்துக்கொண்டு, ஓடை அரித்த பாதியைத் தம்பியிடம் தள்ளியிருந்தான். கிடையும் அண்ணன் காட்டுக்கே என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? சோலைச்சாமியும் அப்படித்தான் நம்பினான். பெண்டாட்டி கெட்டிக்காரி என்று மீசைக்குள் சிரித்துக்கொண்டான். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் சீனித்தாய்க்குப் பற்றிக்கொண்டு வரும். மாதவன் ஒரு தடவை வந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவன் கேட்கவே இல்லை.

கார்த்திகை மழையில் கரிசல் காலை உள்ளே இழுத்ததால், பல நாளாக யாரும் காட்டுப் பக்கம் போகவில்லை. அன்றுதான் வெயில் எட்டிப் பார்த்தது. களையெடுக்கக் கிளம்பும்போதே பிரித்திகா ஆரம்பித்தாள்.

"எங்க காட்டுல என்னத்த வெளஞ்சிரப் போவுது? ஆடு படுத்ததெல்லாம் அங்கனதான..."

சீனித்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

காட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் நின்றுவிட்டார்கள். ஓடைப் பக்கத்துப் பாதியில் மக்காச்சோளம் கரும்பச்சையாக இடுப்புக்கு மேல் நின்றது. நடு வரப்புக்கு இந்தப் பக்கம், சோலைச்சாமியின் பாதியில், அதே நாள் விதைத்த அதே விதை முழங்காலளவில் வெளுத்துப் போயிருந்தது.

"ஏட்டி, கிடைய எங்கன போட்ட?" என்றான் சோலைச்சாமி.

"ஒங்க தம்பி காட்டுலதான். எல்லா ராத்திரியும். நல்லத நீங்க எடுத்துக்கிட்டீங்கள்ல, அதுக்கு ஈடு வேண்டாமா?"

சோலைச்சாமி நடு வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

மாதவன் அவள் பக்கம் திரும்பினான். "ஏன் மதினி சொல்லல?"

"நீ ஏம்லே கேக்கல? ஊரெல்லாம் கேட்ட, எங்கிட்ட கேட்டியா? நான் சொல்லித்தான் நீ நம்பணும்னா... ஒன்ன வளத்தவ யாருலே?"

அடக்கி வைத்ததெல்லாம் உடைய, சீனித்தாய் அழுதாள். பிரித்திகா வந்து கையைப் பிடித்தாள். அவள் உதறிவிட்டுக் குனிந்து களையெடுக்கத் தொடங்கினாள். உச்சி வெயில்வரை நிமிரவில்லை.

கஞ்சித் தூக்கை அவள் திறந்தபோது, மாதவன் வரப்பைத் தாண்டி வந்து எதிரே குத்தவைத்துக் கையை நீட்டினான். சின்ன வயதில் நீட்டுவானே, அப்படியே.

சீனித்தாய் அந்தக் கையையே பார்த்தாள்.

"இந்தச் சகதிக் கையோடயா திங்கப் போற? கழுவிட்டு வாலே."

அவன் ஓடைக்கு ஓடினான். வரப்பில் தலைகுனிந்து நின்ற பிரித்திகாவைப் பார்த்து அவள் எரிந்து விழுந்தாள்.

"ஒனக்குத் தனியாச் சொல்லணுமாட்டி? நீயும் போய்க் கழுவிட்டு வா."