பின்சீட்டுச் சிவசாமி

அறந்தாங்கி டீக்கடைக்காரர் நாலு கிளாஸைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தபோது தைரியநாதனுக்கு எரிச்சல்தான் வந்தது. பயம் பிறகுதான் வந்தது.

"மூணுதாங்க சொன்னோம்."

"வண்டியில படுத்திருக்காரே, அவருக்கு?" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த டீயை ஆற்றப் போய்விட்டார்.

புளியமரத்தடியில் நின்றிருந்த கறுப்புக் காரைத் தைரியநாதன் திரும்பிப் பார்த்தான். இடது பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. கண்ணாடிக்கு உள்ளே ஒரு பச்சைக்கரைத் துண்டு தெரிந்தது. துண்டுக்கு அடியில் இருந்தது ஒரு கல். அதை வைத்தவன் அவனே.

"குடிச்சிரு நாகராசு," என்றான் ஹாஜா முகைதீன். நாகராசு ஏற்கெனவே நாலாவது கிளாஸைக் கையில் எடுத்திருந்தான். உணவு விஷயத்தில் அவனுக்கு யாரும் எதையும் இருமுறை சொல்ல வேண்டியிருந்ததில்லை.

இந்தப் பயணத்துக்கு அவர்கள் முழுதாக மூன்று மாதத்தைச் செலவழித்திருந்தார்கள். தேர்வுக்கு அவ்வளவு படித்திருந்தால் நாலு பேரும் தங்க மெடல் வாங்கியிருக்கலாம். ஹாஜாவின் மாமா கார் தர மறுத்து, சம்மதித்து, மறுபடி மறுத்து, கடைசியில் சாவியைத் தந்தார். ஒரு கீறல் விழுந்தாலும் ஹாஜாவின் படிப்பை நிறுத்திக் கடையில் உட்கார வைத்துவிடுவதாக ஆணையிட்டிருந்தார். கோட்டைப்பட்டினத்தில் ஹாஜாவின் பெரியம்மா வீட்டில் சாப்பாடு. அங்கிருந்து கடலை வலதுகைப் பக்கம் வைத்துக்கொண்டே மணமேல்குடி, கட்டுமாவடி என்று வடக்கே போய், இருட்டுவதற்குள் கோடிக்கரைக் காடு. அங்கே வெளிமான்கள், பூநாரைகள், காட்டு பங்களாவில் தங்கல். பூநாரையை நாலு பேரில் ஒருவனும் பார்த்ததில்லை. ஆனாலும் அது எந்தக் காலில் நிற்கும் என்று ஒருமுறை சண்டை போட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தார்கள்.

விடியற்காலையில் திருக்கோகர்ணத்தில் சிவசாமியை ஏற்றப் போனபோது திட்டம் முதல் அடி வாங்கியது. சிவசாமிக்குக் காய்ச்சல். உள்ளே கயிற்றுக் கட்டிலில் போர்த்திப் படுத்து இருமிக்கொண்டிருந்தான். வாசலுக்கு வந்தது அவன் அம்மா பிரகதாம்பாள்.

"மூணு பேராப் போகாதீங்கப்பா. ஒரு கல்ல எடுத்து நாலாவது ஆளா வச்சுக்கங்க. எடுக்கையில பேசக்கூடாது. வந்ததும் எடுத்த எடத்துலயே வச்சிருங்க," என்று சொல்லிவிட்டுக் கஞ்சி பொங்குகிற வாசனைக்கு உள்ளே ஓடினார்.

எல்லோரும் செய்வதுதான். கூழாங்கல் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு மறந்துவிடுவார்கள். தைரியநாதன் எதையும் சும்மா செய்பவன் அல்ல. கல்லூரியில் அவன் வாயைத் திறந்தாலே சிரிப்பதென்று ஒரு கூட்டம் இருந்தது. சுவரோரம் முருங்கை மரத்தடியில், சிவசாமி தினமும் கால் வைத்துத் தேய்த்துக் கழுவும் தலையணை அளவு கல்லைப் பெயர்த்தெடுத்தான். கொடியில் காய்ந்த சிவசாமியின் துண்டை அதற்குப் போர்த்தினான். நாகராசு பொட்டலத்திலிருந்து விபூதி எடுத்து மூன்று கோடு இழுத்தான். பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, தைரியநாதன் கல்லைப் பார்த்து மரியாதையாகக் கூப்பிட்டான்.

"சிவசாமி, வாடா. சிவசாமி, நேரமாச்சு. சிவசாமி, ஏறுடா."

ஹாஜா சிரித்துச் சிரித்து ஸ்டியரிங்கில் முட்டிக்கொண்டான். வீட்டுக்குள் இருமல் சத்தம் நின்றிருந்தது. அதை அப்போது தைரியநாதன் மட்டும்தான் கவனித்தான்.

அறந்தாங்கி தாண்டியதும் வெயில் ஏறியது. பின்சீட்டில் கல்லுக்குப் பக்கத்தில் தைரியநாதன். கருவேலங்காட்டு வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து வந்துகொண்டிருந்த காற்றில், கொஞ்ச நேரமாக இன்னொன்றும் சேர்ந்திருந்தது: கஷாயமும் வேர்வையும் பல நாள் துவைக்காத போர்வையும் சேர்ந்த, காய்ச்சல்காரன் அறையின் வாசனை. துண்டின் வாசனை என்று முடிவுசெய்தான். துண்டு துவைத்துக் காயப்போட்டது என்பது நினைவுக்கு வந்ததும், முடிவை மாற்றாமல் முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். கார் இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் கல் அவன் மேல் சாய்ந்தது. அதில் ஆச்சரியமில்லை. வலப்பக்கம் திரும்பும்போதும் சாய்ந்தது.

கோட்டைப்பட்டினத்தில் பெரியம்மா ரம்லத் பீவி ஐந்து வகை மீன் சமைத்திருந்தார். நாலு தட்டு போட்டிருந்தார்.

"மூணு பேருதான் பெரிம்மா. ஒருத்தன் வரல," என்றான் ஹாஜா.

"ஏன் வாப்பா, அந்தப் புள்ளைய வண்டியிலயே போட்டுட்டு வந்திருக்கீங்க? எட்டிப் பாத்துட்டுத்தான் வாரேன். இம்புட்டு வெயில்ல போத்திக்கிட்டு நடுநடுங்குது. நெத்தியில துன்னூறு பூசிருக்கு. கஞ்சி வச்சுத் தரவா?"

நாகராசுவின் கை வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது. அது அப்படி நின்று யாரும் பார்த்ததில்லை.

தைரியநாதன் எழுந்து போனான். கார் புன்னைமரத்து நிழலில் நின்றது. கதவைத் திறந்து, துண்டுக்கு மேலாகக் கையை வைத்தான். சுட்டது. பொதுவாக வெயிலில் கிடந்த கல் மேலே சுடும், அடியில் குளிர்ந்திருக்கும். அடியில் கைவிட்டுப் பார்த்தான். அங்கும் ஒரே சூடு. சூடு விட்டுவிட்டு ஏறி இறங்கியது.

உள்ளே வந்து சொன்னான். "திரும்பிருவோம். கல்லை எடுத்த எடத்துல வச்சிருவோம். எனக்கு என்னமோ சரியாப் படல."

ஹாஜா அவனை ஒரு கணம் பார்த்தான். பிறகு வெடித்துச் சிரித்தான். "முகத்தைப் பாருடா நாகராசு. பெரிம்மாவையும் கூட்டுச் சேத்துட்டான்!"

"சத்தியமாடா."

"ஏன்டா, கல்லுக்குக் காய்ச்சல்னு சொல்லி நான் கோடிக்கரையை விடணுமாக்கும்? மாமாகிட்ட எத்தனை நாள் கெஞ்சிருக்கேன்!"

தைரியநாதன் மேலும் ஏதோ சொன்னான். அதற்கும் சிரித்தார்கள். இதுவரை அவன் உண்மையாகச் சொன்ன எதையும் யாரும் உண்மையாக எடுத்துக்கொண்டதில்லை. அப்படித்தான் அவன் பழக்கி வைத்திருந்தான். அன்றைக்கு அது அவனுக்கு முதல்முறையாக வலித்தது. அந்தக் கல்லை மட்டும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் சிவசாமிக்கு ஏதோ ஆகிவிடும் என்ற எண்ணம் உள்ளே ஊசிபோல் நின்றது. வெளியே சொன்னால் அதுவும் ஜோக்.

ஊரைத் தாண்டியதும், கடலை இன்னும் பக்கத்தில் பார்க்கலாமென்று ஹாஜா வண்டியை மணல்தடத்தில் இறக்கினான். கொஞ்ச தூரம் கடல் அழகாகத்தான் இருந்தது. பிறகு தடம் உப்பு பூத்த வெள்ளைத் தரையானது. வெள்ளைத் தரை கறுப்புச் சேறானது. இடது பின்சக்கரம் அச்சுவரை இறங்கியது.

தள்ளினார்கள். தென்னமட்டை போட்டார்கள். ஜாக்கியை வைத்தார்கள், ஜாக்கி சேற்றுக்குள் போனது, திரும்பி வரவில்லை. கூப்பிடு தூரத்தில் மனிதர் இல்லை, ஒரு கல்கூட இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் சேறு, கானல், நண்டுகள் சேற்றைத் துளைக்கும் இச் இச் என்ற சத்தம். கடல் ஏறிக்கொண்டிருந்தது. முதலில் ஒரு விரல் அகலத் தண்ணீர் பளபளவென்று வந்து சக்கரத்தைத் தொட்டது. பிறகு கணுக்கால்.

"மாமா என்னைக் கொன்னுருவாரு," என்றான் ஹாஜா. "அந்தக் கல்லை எடுடா. சக்கரத்துக்குக் குடு."

"அது வேண்டாம்டா."

"வேற என்ன இருக்கு இங்கிட்டு? சொல்லு! ஒன் ஜோக்கை வச்சு வண்டியத் தூக்கவா?"

தண்ணீர் சைலன்சரைத் தொட்டுக் குமிழ் விட்டது. தைரியநாதன் தலையில் வெயில். சட்டையில் சேறு. மூன்று மாதத் திட்டம், கோடிக்கரை, பூநாரை எல்லாம் இந்தச் சேற்றோடு போயிற்று. எல்லாவற்றுக்கும் காரணம் அந்தக் கல் என்று தோன்றியது. அப்படி ஒரு ஆத்திரம்.

கதவைத் திறந்தான்.

காலையில் ஒற்றை ஆளாகத் தூக்கியது. இப்போது நாகராசும் வந்து பிடிக்கவேண்டியிருந்தது. தூக்கியபோது அது நடுவில் துவண்டது. கல் துவளாது. நாகராசு அவன் முகத்தைப் பார்த்தான். இருவரும் துண்டை விலக்கிப் பார்க்கவில்லை. சக்கரத்துக்கு முன்னால் வைத்து, காலால் உள்ளே தள்ளினார்கள்.

"போடுடா கியரை!"

சக்கரம் சுற்றியது. பிடித்தது. ஏறியது.

ஒரு சத்தம்.

கியர்பாக்ஸ், என்று தைரியநாதன் தனக்குச் சொல்லிக்கொண்டான். கியர்பாக்ஸ் மூச்சை இழுக்காது. கார் துள்ளி மேட்டுக்கு வந்துவிட்டது. அவன் மண்டியிட்டுச் சேற்றுக்குள் தோள்வரை கைவிட்டுத் துழாவினான். கல் இல்லை. துண்டு இல்லை. பள்ளத்தில் தண்ணீர் நிறைந்தது. சில குமிழ்கள். பிறகு அதுவும் இல்லை.

கோடிக்கரைக்குப் போகிற ஆசை எல்லோருக்கும் விட்டுப்போயிருந்தது. ஹாஜா வண்டியை மேற்கே திருப்பினான். காரின் இடது பின்பக்கம் நிமிர்ந்திருந்தது. வண்டி பஞ்சுபோல ஓடியது. அறந்தாங்கியில் நிறுத்தவில்லை. டீக்கடைக்காரர் கையில் கிளாஸோடு காருக்குள் எட்டிப் பார்ப்பது தெரிந்தது. பின்சீட்டைப் பார்த்தார். கையைத் தூக்கி ஏதோ கேட்டார். ஹாஜா இன்னும் வேகமாக மிதித்தான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திருக்கோகர்ணம். முருங்கை மரத்தடியில் கல் இருந்த பள்ளம் அப்படியே இருந்தது. பிரகதாம்பாள் கையில் ஈரத்துணியோடு வாசலுக்கு வந்தார். சிரித்த முகம்.

தைரியநாதன் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "சிவசாமி... எப்படிம்மா இருக்கான்?"

"காய்ச்சல் விட்டுருச்சுப்பா! மத்தியானம் வரைக்கும் அனலாக் கொதிச்சுது. பெனாத்திக்கிட்டே கெடந்தான். 'தைரியநாதா, வேண்டாம்டா, நாந்தான்டா'ன்னு. அப்பறம் சட்டுனு அடங்கிருச்சு. ஒடம்பு ஜில்லுனு ஆயிருச்சு. அசையாமத் தூங்குறான். வா, வந்து பாரு."

உள்ளே இருட்டு. விளக்கின் மஞ்சள் வெளிச்சம் கட்டில்வரை வரவில்லை. காய்ச்சல் வாசனை இல்லை. வேறு வாசனை.

உப்பு.

சேறு.

கயிற்றுக் கட்டில் தரையைத் தொடுமளவு தொய்ந்திருந்தது. போர்வையின் நடுவில் ஒரு மேடு. தைரியநாதன் போர்வையின் நுனியைப் பிடித்தான். இழுத்தான்.

தலையணையில் கல் இருந்தது. நெற்றியில் மூன்று விபூதிக் கோடு. அதன் குறுக்கே டயரின் பள்ளங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, ஆழமாகப் பதிந்திருந்தன.

அப்படியானால் அங்கே. தண்ணீருக்கு அடியில். அவன் காலால் உள்ளே தள்ளியது.

பிரகதாம்பாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கல்லின் மேல் ஈரத்துணியை மெதுவாக ஒற்றினார். பிழிந்தார். கறுப்புத் தண்ணீர் சட்டியில் சொட்டியது.

"எங்கேருந்துப்பா வருது இவ்வளவு சேறு," என்றார், மறுபடி துணியை நனைத்துக்கொண்டே. "மத்தியானத்துலேர்ந்து தொடைக்கிறேன். நிக்கவே மாட்டேங்குது."