ஒரே படத்தின் முப்பத்தொரு பிரதிகள்

அப்பா போய்ச் சேர்ந்து மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம், மகள் அந்த மூன்றாம் மாடி வீட்டுக் கதவைத் திறந்தாள். தோளில் கைப்பை, கையில் ஒரு கட்டு கறுப்புக் குப்பைப் பைகள். பூட்டு முரண்டு பிடித்தது. சாவியைத் திருகியபடி கதவின் அடிப்பக்கத்தில் காலால் ஓர் உதை விட்டாள். சின்ன வயதிலிருந்தே அப்படி உதைத்துத்தான் திறப்பார்கள். இன்றைய உதையில் கொஞ்சம் கூடுதலாகவே வலு இருந்தது.

ஒன்பது வருடமாக அவள் அந்த வாசலை மிதிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை அவளுக்கு. வீடு அதே ஊரில், பஸ்ஸில் அரை மணி நேரம்தான். ஆனாலும் வரவில்லை. அப்பா இறந்த அன்றுகூட நேரே மயானத்துக்குப் போய், ஓரமாக நின்று, யாரிடமும் பேசாமல் திரும்பிவிட்டாள்.

தம்பி தொலைவில் இருக்கிறான். காலையில் போன் செய்து, எதையும் தூக்கிப் போட்டுவிடாதே என்று கெஞ்சாத குறையாகச் சொன்னான். அப்பாவோடு படம் சேர்த்த நண்பர் ஒருவர் நாலு மணிக்கு வண்டியோடு வருவாராம். மொத்தத்தையும் அவரே எடுத்துக்கொள்வாராம். அந்த நண்பரை அவளுக்குத் தெரியும். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். படங்களில் வரும் துப்பறிவாளர்கள் மாதிரி எந்நேரமும் தலையில் ஒரு தொப்பி. மயானத்திலும் அதைக் கழற்றாமல்தான் நின்றார்.

"இத்தனை வருஷம் சேர்த்தது அக்கா," என்றான் தம்பி.

"நாலு மணிக்கு மிச்சம் இருந்தா எடுத்துக்கட்டும்," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அந்த அறையை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கூடத்தைத் தாண்டினால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறைகள், நடுவில் ஒரே சுவர். ஒன்று படங்களுக்கு. இன்னொன்றில் அம்மா கிடந்தாள். வாதம் வந்து இடது பக்கம் முழுக்க விழுந்துபோய், நாக்கும் குழறி, வலது கை மட்டும் மிஞ்சி, இரண்டு வருடம் கிடந்தாள். ஏதாவது வேண்டுமென்றால் தலைமாட்டில் இருக்கும் எவர்சில்வர் டம்ளரை எடுத்துச் சுவரில் மூன்று முறை தட்டுவாள். அப்பா போக வேண்டும். அதுதான் ஏற்பாடு.

ஒரு மதியம் அம்மாவுக்கு மூச்சுத் திணறியது. தட்டினாள். அப்பா பக்கத்து அறையில் படம் பார்த்துக்கொண்டிருந்தார். கீழ்வீட்டுத் தையற்காரர் பிறகு சொன்னார்: யாரோ ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்தாராம், விட்டு விட்டு நாற்பது நிமிடம் கேட்டதாம். அப்பா எழுந்து போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

எல்லாருக்கும் முன்னால் அவர் சொன்ன ஒரே பதில்: "படத்துல யாரோ கதவத் தட்டறாங்கன்னு நெனச்சேன்."

அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள்தான் மகள்.

படத்து அறைக் கதவைத் திறந்ததும் பகல் அணைந்தது. ஜன்னல்கள் முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. பூஞ்சை பிடித்த நாடாவின் வாடை, சூடேறிய பிளாஸ்டிக் வாடை, நாள்பட்ட தூசி. தடவிப் பார்த்து விளக்கைப் போட்டாள். மூன்று சுவர்களிலும் தரையிலிருந்து கூரைவரை அலமாரிகள். வீடியோ கேசட்டுகள், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு லேசர் டிஸ்குகள், டிவிடிகள், அதற்குப் பிறகு வந்த நீல உறை புளூரே டிஸ்குகள். எல்லாம் அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்கள். மழை ஈரத் தெரு, ஜன்னல் பட்டைகளின் நிழல் விழுந்த முகம், புகை, துப்பாக்கி, நம்பக் கூடாத ஒருத்தியை நம்பிக் கெட்டுப்போகும் ஓர் ஆள். நாலாவது சுவரில், அம்மாவின் அறைப் பக்கத்துச் சுவரில், டிவி. அதற்கு எதிரே கைவைத்த நாற்காலி. அப்பா செத்துக் கிடந்ததும் அதில்தான்.

மகள் ஒரு பையை உதறி விரித்து, முதல் அடுக்கை அப்படியே வாரி உள்ளே தள்ளினாள். உறைகள் நொறுங்கும் சத்தம் காதுக்கு இதமாக இருந்தது. இரண்டாவது அடுக்கு. மூன்றாவது. நாலாவதில் கை நின்றது.

அந்த அடுக்கு முழுக்க ஒரே படம்.

கேசட்டில் ஏழு. அட்டைப்படம் வேறு, படம் அதே. வேற்றுமொழி வசன வரிகளோடு ஐந்து. டிவியில் ஓடியபோது பதிந்தது, தணிக்கைக்கு முன் வந்தது, சுருக்கியது, புதுப்பித்தது, நூலகம் கழித்துப் போட்டது. எண்ணிப் பார்த்தாள். முப்பத்தொன்று. அம்மா செத்தபோது ஓடிய படம். பெயரை அவள் மறக்கவே இல்லை.

கட்டினவளைச் சாகக் கொடுத்த படத்தை ஒருத்தர் முப்பத்தொரு தடவை வாங்குவாரா? ரசனை என்பதற்கு ஒரு வரம்பு கிடையாதா? ஒரு கேசட்டைத் தரையில் போட்டுச் செருப்புக் காலால் மிதித்தாள். நாடா குடல் மாதிரி வெளியே வந்தது.

அலமாரியின் கீழே ஓர் இழுப்பறை. அப்பா தபால் பிரிக்கும் வேலையில் இருந்தவர். எதற்கும் அட்டை எழுதி அடுக்கி வைப்பார். இழுத்துத் திறந்தாள். முப்பத்தொரு பிரதிக்கும் அட்டைகள் இருந்தன. நின்றபடியே படித்தாள்.

முதல் அட்டை, அம்மா இறந்து எட்டாம் நாள். "மறுபடி பார்த்தேன். விடுதி அறையில் அவன் காத்திருக்கும் காட்சி. தட்டும் சத்தம் இல்லை."

இரண்டாவது. "நீளமான பதிப்பு. தட்டும் சத்தம் இல்லை."

மூன்றாவது, நான்காவது, பத்தாவது. இல்லை. இல்லை. இல்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் ரசித்து வாங்கவில்லை. தான் சொன்ன பதிலுக்குச் சாட்சி தேடியிருக்கிறார். எங்காவது ஒரு பிரதியில், ஏதாவது ஒரு பதிப்பில், யாராவது ஒருத்தர் அந்தக் கதவைத் தட்டியிருந்தால் அவர் தப்பித்துவிடலாம். அதற்காக ஊரெல்லாம் எழுதிப் போட்டு, பார்சல் பார்சலாக வரவழைத்து, ஒன்பது வருடம் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். மகளிடம் வந்து ஒரு வார்த்தை "தப்பு பண்ணிட்டேன்" என்று சொல்ல அவருக்குக் கால் வரவில்லை.

"கல்நெஞ்சன்," என்றாள், காலி நாற்காலியைப் பார்த்து.

இருபத்தெட்டாவது அட்டையில் கையெழுத்து மாறியிருந்தது. எழுத்துகள் நடுங்கின.

"தட்டும் சத்தம் இருக்கிறது. மூன்று முறை."

அதன் கீழே வேறு மையில்: "பழைய பிரதிகளையும் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இருக்கிறது."

இருபத்தொன்பது: "மற்றப் படங்களிலும்."

முப்பது: "தட்டும்போது அவன் கதவைப் பார்ப்பதில்லை. சுவரைப் பார்க்கிறான்."

முப்பத்தொன்று, அப்பா இறப்பதற்கு முந்தின நாள் எழுதியது: "சுவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறான். பக்கத்து அறைச் சாவியை எடுத்து வைத்திருக்கிறேன். போக முடியவில்லை."

அட்டையோடு ஒரு சாவி ஒட்டியிருந்தது.

மகள் அதைப் பிய்த்து எடுத்தாள். உடம்பு சிலிர்த்தது, ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. கிழம் தனியாக இருந்து புத்தி பேதலித்துப்போய் எழுதியிருக்கிறது என்று தன்னிடமே சொல்லிக்கொண்டாள். பிளேயருக்குள் இன்னும் ஒரு கேசட் மாட்டியிருந்தது. அதையும் எடுத்து நொறுக்க வேண்டும் என்று சுவிட்சைப் போட்டாள்.

டிவி தானாக விழித்துக்கொண்டது.

விடுதி அறை. வெளியே மழை. கட்டில் விளிம்பில் சட்டைக் கையை மடித்துவிட்ட ஓர் ஆள், விரலிடுக்கில் சிகரெட். பின்னணியில் மெல்ல ஒரு பியானோ. வேலையில் தினமும் எத்தனையோ நெஞ்சுக்கூடுகளைக் கறுப்பு வெள்ளையில் பார்ப்பவள்தான். ஆனால் இந்தக் கறுப்பு கொஞ்சம் ஆழமாக இருந்தது.

டக். டக். டக்.

உலோகத்தின் சத்தம். கதவில் விரல் மடக்கித் தட்டும் சத்தம் இல்லை அது. எவர்சில்வர்.

அந்த ஆள் தலையைத் தூக்கினான். கதவை விட்டுவிட்டு வலது பக்கத்துச் சுவரைப் பார்த்தான்.

டக். டக். டக்.

பிறகு மெல்லத் திரும்பி, திரையிலிருந்து நேராக அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் பயம் இல்லை. வெறுப்பு. இன்னும் எழுந்து போகவில்லையா என்று கேட்கிற வெறுப்பு.

ரிமோட்டைத் துழாவி எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள். பியானோ ஓய்ந்தது. மழை ஓய்ந்தது. எண் பூஜ்யத்துக்கு வந்து நின்றது.

டக். டக். டக்.

அவள் அங்கே நிற்கவில்லை. ஒன்பது வருடத்தில் யாரும் செய்யாத காரியத்தைச் செய்தாள். நடந்து போனாள். பத்தே அடிதான். பக்கத்து அறைப் பூட்டில் சாவியைச் செருகித் திருகினாள்.

உள்ளே மதிய வெளிச்சம் இருந்தது. கட்டில், விரிப்பில்லாத ஃபோம் மெத்தை, மருந்து வைக்கும் சின்ன மேஜை. ஆள் இல்லை. டம்ளரும் இல்லை. சுவரில், படுத்திருப்பவர் கை எட்டும் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிந்தது. அம்மா செத்த அன்று அவள் பார்த்தபோது அங்கே நாலைந்து கீறல்தான் இருந்தது. இப்போது செங்கலே பாதி தேய்ந்திருந்தது. கீழே தரையில் சிவப்புத் தூள். மற்ற எல்லாவற்றின் மேலும் ஒன்பது வருடத் தூசி படிந்திருக்க, அந்தத் தூளின் மேல் மட்டும் தூசி இல்லை.

மெத்தையில் உட்கார்ந்தாள்.

"அம்மா," என்றாள். "வந்துட்டேம்மா."

தட்டும் சத்தம் நின்றது. வீடே மூச்சை இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தது. கீழே எங்கோ தையல் மெஷின் ஓடும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. அவள் அழுதாள், அழக் கூடாது என்றுதான் வந்திருந்தாள்.

அப்புறம் அது மறுபடி கேட்டது.

இந்த முறை அந்தப் பக்கத்திலிருந்து.

படத்து அறையிலிருந்து யாரோ சுவரைத் தட்டினார்கள். உலோகம் இல்லை, கை முட்டி. வயதான கை, பலமில்லாத கை. முதலில் மூன்று முறை, மரியாதையாக. பிறகு அவசரமாக. பிறகு உள்ளங்கையால். நடுவே இழுத்து இழுத்து விடும் மூச்சு. சின்ன வயதில் அவளைக் கூப்பிடும் அதே குரல், சுவருக்குள்ளிருந்து வருகிற மாதிரி:

"பாப்பா... வாம்மா..."

எவ்வளவு கோபம் இருந்தாலும் பெற்ற மகள். கால் தரையை ஊன்றியது. எழுந்திருக்கப் போனாள்.

பக்கத்தில் மெத்தை அழுந்தியது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இடது தோளோடு தோளாக யாரோ உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மருந்து வாடை, பவுடர் வாடை. தொடவில்லை, பிடித்து வைக்கவுமில்லை. சும்மா உட்கார்ந்து, அவளைப் போலவே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இவள் எழுந்து போனால் போகலாம். தடுப்பதற்கு யாருமில்லை. அது இவள் முடிவுதான்.

சுவரில் சத்தம் அதிகமானது. பூச்சு உதிர்ந்து இந்தப் பக்கம் விழுந்தது.

மகள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"தட்டட்டும்மா," என்றாள்.

எவ்வளவு நேரம் என்று அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். கெஞ்சல் தேய்ந்தது, மூச்சுச் சத்தம் தேய்ந்தது, கடைசியில் விரல் நகம் சுவரை மேலிருந்து கீழாகக் கீறிக்கொண்டு வழுக்கியது. அப்புறம் ஒன்றுமில்லை. அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. உள்ளே எரிந்துகொண்டிருந்தது அப்படியே எரிந்தது. ஆனால் இப்போது அது யார் மேல் என்பதுதான் தெரியவில்லை.

போன் அடித்தது. தொப்பிக்காரர். கீழே வண்டியை நிறுத்தியிருப்பதாகவும் மேலே வரலாமா என்றும் கேட்டார்.

அவர் மேலே வந்து படத்து அறையைப் பார்த்தார். கிழிந்த பைகளையும் நொறுங்கிய உறைகளையும் பார்த்து முகம் சுருங்கியது. டிவியில் விடுதி அறை அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. கட்டில் விளிம்பில் ஆள் இல்லை. அவருக்கு அந்தப் படம் தலைகீழ்ப் பாடம். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, அவரே எட்டி அணைத்தார். எதையும் எடுத்துக்கொள்ளாமல் கூடத்துக்கு வந்தார்.

"நான் இன்னொரு நாளைக்கு வரேம்மா," என்றார்.

போகிற வழியில் திறந்திருந்த அம்மாவின் அறையை எட்டிப் பார்த்தார். மெத்தையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழிகள். மகள் உட்கார்ந்திருந்த குழி மெல்ல உப்பிச் சமமாகிக்கொண்டிருந்தது. மற்றது அப்படியே இருந்தது.

"உங்ககூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டார், குரலைத் தாழ்த்தி.

மகள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அந்தக் குழி அசைந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, உட்கார்ந்திருந்தவர் சாவகாசமாகப் படுக்கிற மாதிரி, அது தலைமாடுவரை மெல்ல நீண்டது. பிறகு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டது.