காலி வண்டியின் கனம்

கடையின் கடைசி வரிசையில் நின்ற, குழந்தையை உட்காரவைத்துத் தள்ளும் மூன்று சக்கர ஸ்ட்ரோலரின் ஸ்பிரிங்குகள் அமுங்கியிருந்தன. உள்ளே யாரும் இல்லை. பக்கத்தில் நின்ற வண்டிகளெல்லாம் உடம்பை உயர்த்திக்கொண்டு, தொட்டால் ஆடுகிற மாதிரி நிற்க, இது மட்டும் யாரோ ஏறி உட்கார்ந்துவிட்டது போலத் தணிந்து நின்றது. வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். அவன் கவனித்தான். கவனித்ததோடு நில்லாமல் சந்தோஷமும் பட்டான், அதுதான் கொடுமை.

அவனுக்குத் தொழில் கார்களுக்கு வீல் அலைன்மென்ட் பார்ப்பது. காலி வண்டியை வைத்துக்கொண்டு சக்கரத்தின் கோணத்தைத் திருத்துகிறவர்களைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. ஓட்டுநர் இருக்கையில் மணல் மூட்டையை ஏற்றி, ஸ்பிரிங் அமுங்கி, வண்டி தன் உண்மையான உயரத்துக்கு இறங்கிய பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவான். பட்டறையில் அவனுக்கு ‘நேர்கோடு’ என்று பெயர். அவனுடைய ஒன்றேகால் வயதுப் பெண், நேராகத் தவழத் தெரியாமல் பக்கவாட்டிலேயே தவழ்ந்ததால், ‘நண்டு’ ஆனாள். நேர்கோட்டுக்குப் பிறந்தது நண்டு என்று பட்டறையில் மாதக்கணக்கில் சிரித்தார்கள்.

நண்டு அன்று அம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். மருந்துக்கடை வேலையை முடித்துவிட்டு நேராக வந்திருந்த மனைவி, கையடக்கமான ஒரு நாலு சக்கர வண்டியைக் காட்டினாள்.

“ஏங்க, இதைப் பாருங்க. ஒத்தக் கையால மடிச்சிடலாம். பஸ்ல ஏத்தலாம்.”

“நம்ம தெரு மேட்டுக்கு இது ஒத்து வராது. இந்தச் சின்ன சக்கரம் கல்லு இடுக்குல மாட்டுச்சுன்னா இவ குப்புற விழுவா. மூணு சக்கரம்தான் சரி. முன்னாடி ஒரே சக்கரம், அதுவும் பெருசு.”

சொல்லிக்கொண்டே ஒவ்வொரு வண்டியையும் ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்தான். ஒன்று இடது பக்கம் இழுத்தது. இன்னொன்று கடகடவென்று பல்லைக் கடித்தது. கடைசியில் நின்றதைத் தள்ளினான். அது சத்தமில்லாமல், கோடு கிழித்தது போல் நேராகப் போய், மெல்ல நின்றது. உள்ளே ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தால் எப்படிப் போய் நிற்குமோ, அப்படி.

கடைக்காரப் பெண் அவசரமாக வந்தாள். “சார், அது டிஸ்பிளேவுக்கு வச்சிருக்கிறது. அதே மாடல் புதுசு இருக்கு, பெட்டி பிரிச்சுத் தர்றேன்.”

பிரித்துக் கொடுத்தாள். அதே நீல நிறம், அதே துணி. ஆனால் முன்சக்கரம் நடுங்கியது, உடம்பு துள்ளியது.

“எனக்கு அதுதான் வேணும்” என்றான் அவன்.

“அதை எடுத்துட்டுப் போனவங்க திருப்பிக் கொண்டு வந்துட்டாங்க, சார்.”

“ஏன்?”

“பாரமா இருக்காம்.” அவள் வண்டியைப் பார்க்காமல் சொன்னாள்.

“பாரமா இருந்தாத்தானே ரோட்டுல நிக்கும்!”

“விடுங்க, மேடம்” என்று மனைவி கடைக்காரப் பெண்ணைத் தேற்றினாள். “ஒத்தக் கால்ல நிக்கிற மனுஷன். இவருக்கு மூணு சக்கரமே அதிகம்.”

முதல் சில நாட்கள் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. மாலையில் பட்டறையிலிருந்து அவன் வந்ததும், மனைவி வேலை முடிந்து வரும்வரை நண்டு அவன் பொறுப்பு. அவளை உட்காரவைத்து, பெல்ட்டைப் பூட்டி, உடைந்த கற்கள் பாவிய தெருவில் மேடு இறங்கி, பூங்காவைச் சுற்றிவிட்டு ஏறி வருவான். வண்டி அசையாமல் போனது. அவளை ஏற்றினாலும் இறக்கினாலும் தள்ளுவதற்கு ஒரே கனமாக இருந்தது. நல்ல ஸ்பிரிங் என்று நினைத்துக்கொண்டான். தான் நினைத்தது தப்பாக இருக்கலாம் என்கிற சந்தேகம் அவனுக்குச் சாதாரணமாக வருவதில்லை.

நண்டு நடுவில் உட்கார மறுத்தாள். எப்படி நகர்த்தி வைத்தாலும் ஓரமாக ஒண்டிக்கொண்டாள், பஸ்ஸில் இன்னொருவருக்கு இடம் விடுகிற பெரிய மனுஷி மாதிரி. பக்கவாட்டில் திரும்பிச் சிரித்தாள். கையிலிருந்த பிஸ்கட்டை அந்தப் பக்கம் நீட்டினாள். வீட்டுக்கு வந்து இருக்கையைத் தட்டினால் ஒரு துகள்கூட விழவில்லை.

“இவ தனியா சிரிக்கல, யாரையோ பார்த்துச் சிரிக்கிறா” என்று மனைவி ஒருநாள் சொன்னாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெல்ட் விஷயம்தான் அவனைக் கடித்தது. நண்டின் தோளுக்கும் இடுப்புக்கும் சரியாக அவன் இழுத்துவைத்த பெல்ட், மறுநாள் காலையில் தளர்ந்து கிடந்தது. மனைவி தொட்டிருப்பாள் என்று நினைத்துக் கேட்டான். அவள் தொடவில்லை. பட்டறையில் டயரைக் கழற்றுமுன் சாக்பீஸால் அடையாளம் போடுகிற பழக்கத்தில், பெல்ட்டைப் பூட்டும் பக்கிளை ஒட்டி ஒரு வெள்ளைக்கோடு போட்டான். விடிந்து பார்த்தபோது கோடு பக்கிளை விட்டு ஒரு விரற்கடை தள்ளியிருந்தது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். வளருகிற குழந்தைக்குத்தான் பெல்ட்டை அப்படித் தளர்த்துவார்கள்.

நண்டு வளரவில்லை. அதை முதலில் கண்டுபிடித்தவள் மனைவி. குளிப்பாட்டித் துவட்டும்போது அவள் முகம் மாறியது. போன மாதம் இறுக்கமாக இருந்த சட்டை தோளிலிருந்து நழுவியது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் எடை பார்த்தார், நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

“நல்லா சாப்பிடுறாளா?”

“முன்னைவிட நல்லா சாப்பிடுறா, டாக்டர்” என்றாள் மனைவி. “உடம்புலதான் ஒட்டவே இல்ல.”

“பல்லு முளைக்கிற நேரம். ஓடியாடுற வயசு. கொஞ்சம் குறையும், பயப்படாதீங்க.”

பயப்படாதீங்க என்று ஒருவர் சொன்ன பிறகுதான் அவனுக்குப் பயம் வந்தது. வீட்டுக்கு வந்து, நடையில் சுவரோரம் நின்ற வண்டியைத் தாண்டும்போது, ஒரு வாசனை அடித்தது. பாலும் வியர்வையும் கலந்து, தூங்கி எழுந்த குழந்தையின் பிடரியில் அடிக்குமே, அந்த வாசனை. குனிந்து இருக்கைத் துணியை முகர்ந்தான். பிறகு மகளின் பிடரியை முகர்ந்தான். தன் பிள்ளையின் வாசனை எந்தத் தகப்பனுக்கும் தெரியும். துணியில் இருந்தது இவளுடையது இல்லை. வேறொரு குழந்தையினுடையது.

“இதைத் திருப்பிக் குடுத்துடலாம்” என்றான் மனைவியிடம், அவளைப் பார்க்காமல்.

“இறக்குனாலே அழுதழுது சோர்ந்து போயிடுறா. அதுல உட்கார வச்சாத்தான் தெளியறா. என்னங்க ஆச்சு உங்களுக்கு?”

சொல்வதற்கு முன் நிரூபிக்க வேண்டும். அவன் அப்படிப்பட்டவன். பட்டறைக்கு விடுமுறையான நாளில், மனைவி வேலைக்குப் போன பிறகு, நண்டை வண்டியிலேயே வைத்து, மேட்டுக்குக் கீழே இருந்த பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனான். நடுப்பகல்தான். ஆனால் வானம் இருட்டிக்கொண்டு, எந்த நேரமும் கொட்டுவேன் என்று நின்றது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. ஷட்டரை ஆள் உயரத்துக்குத் தூக்கி உள்ளே நுழைந்தான். கிரீஸ் வாசமும் ரப்பர் வாசமும், ஓர் ஓரத்தில் குழாய் சொட்டும் சத்தமும், தகரக் கூரை காற்றில் மெல்ல முனகுவதும் அவனுக்குப் பத்து வருடப் பழக்கம். அந்தப் பழக்கம் கொஞ்சம் தைரியம் கொடுத்தது. விளக்கைப் போட்டான். சோதனை மேடையில் வண்டியை ஏற்றினான்.

நண்டைத் தூக்கி, பக்கத்திலிருந்த பழைய கார் சீட்டில் உட்காரவைத்தான். அவள் சிணுங்கினாள். அவன் ஸ்பிரிங்குகளைப் பார்த்தான்.

அவை எழும்பவில்லை.

குனிந்து அளந்தான். குழந்தை இருந்தபோது எவ்வளவு அமுங்கியிருந்ததோ, அவ்வளவே இப்போதும். ஸ்பிரிங் செத்துவிட்டது, அவ்வளவுதான் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டான். கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். வண்டியின் உடம்புக்குக் கட்டையால் முட்டுக்கொடுத்து, பின்பக்க ஸ்பிரிங்குகளைக் கழற்றினான். கையில் எடுத்ததும் அவை துள்ளி நீண்டன. புத்தம்புதிய ஸ்பிரிங்குகள். ஒரு குறையும் இல்லை. திரும்ப மாட்டி, கட்டையை உருவினான். வண்டி பெருமூச்சு விட்டபடி பழைய உயரத்துக்கே அமுங்கியது.

அலமாரிக்கடியில் சின்ன மணல் மூட்டை ஒன்று இருந்தது. அதை இருக்கையின் நடுவில் வைத்தான். அது நிற்கவில்லை. மடியில் வைத்த பொருள் முழங்காலில் சறுக்குவது போல் முன்பக்கமாகச் சறுக்கி, மேடையில் விழுந்தது. மீண்டும் வைத்தான். கை விலகுமுன்பே விழுந்தது. இந்த முறை சறுக்கவில்லை.

தள்ளப்பட்டது.

குழாய் சொட்டியது. கூரை முனகியது. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு சத்தம். கிர்… கிர்… ஸ்பிரிங்கின் சத்தம். ஏறி, இறங்கி. ஏறி, இறங்கி. தூங்குகிற குழந்தையின் மார்பு மாதிரி.

மகளை வாரி எடுத்துக்கொண்டு ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே ஓடினான். முதல் மழைத்துளிகள் முகத்தில் அறைந்தன. மேட்டில் ஏறினான். மூச்சு வாங்கவில்லை. அதுவே அவனுக்குச் சுருக்கென்றது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்த மேட்டில் ஓடினால் மூச்சு வாங்காமல் இருக்குமா?

நின்றான். நண்டைப் பார்த்தான். கண்கள் திறந்திருந்தன. அழவில்லை. கையில் அவள் இருப்பதே தெரியவில்லை. கொடியிலிருந்து எடுத்த சட்டையை ஏந்தியிருப்பது போல் இருந்தது. காற்று வீசியபோது அவள் அவன் கைகளிலிருந்து லேசாக எழும்பினாள்.

“கண்ணு… அப்பாவைப் பாருடா… தங்கம்…”

இறுக்கி அணைத்தான். அணைப்புக்குள் ஒன்றும் தட்டுப்படவில்லை. சட்டைத் துணி. சின்னச் சூடு. அதுவும் குறைந்துகொண்டிருந்தது. இன்னும் ஓரடி மேலே வைத்தான். சூடு குறைந்தது. பதறிக் கீழே ஓரடி இறங்கினான். கைகளில் ஒரு சிறு கனம் விழுந்தது. இன்னும் ஓரடி இறங்கினான். இன்னும் கொஞ்சம் கனம்.

அவன் எதையும் இரண்டு முறை சோதிக்கிறவன். மீண்டும் ஏறிப் பார்த்தான். அவள் உதடு நீலமானது. அதற்கு மேல் சோதிக்க அவனுக்கு நெஞ்சு இல்லை. நடுத்தெருவில், கொட்டுகிற மழையில், வாய்விட்டு அழுதான். வீடு மேலே. பட்டறையும் வண்டியும் கீழே. பிள்ளை உயிரோடு வேண்டும். அவ்வளவுதான் வேண்டும்.

இறங்கினான். அடிக்கு அடி அவள் கனத்தாள். முதலில் தலை, அப்புறம் இடுப்பு, அப்புறம் அந்தக் கொழுத்த தொடைகள். ஷட்டர் வாசலுக்கு வந்தபோது அவள் இருமி, வீறிட்டு அழுதாள். அந்த அழுகையை விட இனிமையான சத்தத்தை அவன் வாழ்நாளில் கேட்டதில்லை.

வண்டி மேடையில் இல்லை. வாசலில் நின்றது. முன்சக்கரம் மேட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது, புறப்படத் தயாராக.

“உட்காரவைக்கிறேன்” என்றான் அவன், குரல் உடைந்து. யாரிடம் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. “உட்காரவைக்கிறேன். அவளை விட்டுடு. எதுவும் பண்ணாதே.”

மகளை இருக்கையில் இறக்கினான். ஸ்பிரிங் இம்மியும் அமுங்கவில்லை. நண்டின் அழுகை சட்டென்று நின்றது. கன்னத்தில் ரத்தம் ஏறியது. ஓரமாக நகர்ந்து ஒண்டிக்கொண்டு, பக்கத்தில் பார்த்துச் சிரித்தாள். அவன் அழுதுகொண்டே பெல்ட்டை இழுத்தான். நீளம் போதவில்லை. தளர்த்தினான். இன்னும் போதவில்லை. கடைசி அளவுவரை தளர்த்தினான். இப்போது சரியாக இருந்தது, இருவருக்கும்.

பக்கிளைப் பூட்டக் குனிந்தான். க்ளிக்.

கையை எடுக்க முடியவில்லை. அவன் கட்டைவிரலை, சின்னஞ்சிறு விரல்கள் சுற்றிப் பிடித்திருந்தன. சூடாக. ஈரமாக. இறுக்கமாக.

அவன் நிமிர்ந்து பார்த்தான். நண்டு இரண்டு கைகளாலும் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.