ஊதாப் பொடி

செம்பின் விளிம்பில் ஊதா நிறத்தில் ஒரு விரல் தடம் இருந்தது.

குற்றாலலிங்கம் ரத வீதிக் கடையில் பிரசவ லேகியத்துக்குச் சுக்கும் கருப்பட்டியும் வாங்கிக்கொண்டு மழையோடு மழையாக வீடு வந்து, வாசலில் கால் கழுவச் செம்பை எடுத்தபோதுதான் அதைக் கண்டான். யாரோ நாவல்பழம் தின்ற கையோடு தொட்டிருக்கிறார்கள் என்று நினைத்தான். ஐப்பசியில் ஏது நாவல்பழம்? தண்ணீர் விட்டுத் தேய்த்தான். தடம் போகவில்லை. பெரிதானது. செம்பின் வயிற்றில் கோடாக இறங்கி அவன் கட்டைவிரலிலும் ஏறிக்கொண்டது.

அந்த நிறம் அவனுக்குத் தெரியும். பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில், நோயாளிகளின் சளியையும் சீழையும் கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்புக்குக் கொடுப்பது அவன் வேலை. சாயம் ஜெர்மனியிலிருந்து பாட்டிலில் பொடியாக வரும். காய்ந்திருக்கும்போது அது ஊதாவே இல்லை. பொன்வண்டின் முதுகு போலப் பச்சையாக மினுங்கும். தூசியாகப் பறந்து ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது. ஈரம் பட்டால்தான் நிறம் கிளம்பும்.

ஆனால் ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம் அல்லவா இருக்கிறது. இது டவுணில் அவன் வீடு. இன்று ஞாயிற்றுக்கிழமை வேறு.

வீட்டுக்குள் இருட்டு. பொழுது சாய நேரம் இருந்தும் மழை பகலை விழுங்கியிருந்தது. ஓட்டிலிருந்து முற்றத்தில் கொட்டும் தண்ணீர்ச் சத்தம், எங்கோ ஒழுகும் இடத்தில் வைத்த பாத்திரத்தில் டொக்கு டொக்கென்று தனியாக ஒரு சொட்டு, பிள்ளை பெற்ற வீட்டுக்கே உரிய சாம்பிராணியும் வசம்பும் பாலும் கலந்த வாடை, அதற்கு அடியில் விளக்குத் திரி கருகிய நெடி. எல்லாம் நேற்றும் இருந்தவைதான். ஆனாலும் அவனுக்கு உள்ளே போகப் பயமாக இருந்தது.

“யக்கா” என்று கூப்பிட்டான். விதவையான அவன் அக்கா அன்னத்தாய்தான் பிரசவம் பார்த்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, வீட்டையும் கவனித்துக்கொள்கிறாள். பதில் வரவில்லை.

தரையில் காலடிகள் தெரிந்தன. பிரசவ அறைக் கதவில் தொடங்கி, கூடத்தைக் கடந்து, கிணற்றடிக்குப் போயிருந்தன. ஐந்து விரலும் குதிகாலும் அச்சு அசலாக, ஊதாவில். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முற்றத்துச் சாரல் அடித்த வெறுந்தரையில், அதுவரை இல்லாத ஒரு காலடி பைய எழுந்து வந்தது.

நேற்று ஆஸ்பத்திரியில் புதுப் பாட்டிலைத் திறந்த நேரம் பார்த்து மழைக்காற்று ஜன்னல் வழியே அடித்தது. பொடி புகையாக எழும்பி அவன் நெஞ்சில் வந்து விழுந்தது. வெள்ளைக்கார டாக்டரம்மா பதறிப்போனாள். மூச்சை அடக்கச் சொன்னாள், மூக்கைத் துணியால் மூடச் சொன்னாள், கண்ணில் பட்டால் கண்ணே அவிந்துவிடும் என்றாள். சட்டையை இங்கேயே கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டு, கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

எல்லாவற்றையும் கேட்டான், கடைசிச் சொல்லைத் தவிர. மிஷன் கிணற்றில் குளிக்கும் அளவுக்குக் குற்றாலலிங்கம் பிள்ளை இன்னும் கெட்டுப்போகவில்லையாம். வழக்கம்போலச் சட்டையைச் சுருட்டிக் குடைக்குள் செருகிக்கொண்டு வந்து, வண்ணார்பேட்டைப் படித்துறையில் முங்கி எழுந்தான். தாமிரபரணி எடுக்காத அழுக்கு உண்டா? சட்டை மட்டும் முங்கவில்லை. அது ஆஸ்பத்திரித் தீட்டு. வீட்டில் கண்ட இடத்தில் மாட்ட முடியாது. பிள்ளை பெற்றவள் இருக்கும் அறையும் தீட்டுதானே. தீட்டோடு தீட்டு கிடக்கட்டும் என்று, வண்ணான் வரும்வரை அங்கே முளையில் மாட்டி வைப்பதைப் பிள்ளை பிறந்த நாளிலிருந்து வழக்கமாக்கியிருந்தான். அவன் ஆசாரத்தைத் தெருவே மெச்சியது.

இப்போது அந்தக் காலடிகளை மிதித்துக்கொண்டே ஓடினான். அறைக் கதவைத் தள்ளினான்.

அவன் மனைவி பிரம்மநாயகி சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கைகளைச் சேலைக்குள் மறைத்திருந்தாள். அந்தப் பக்கம் பாயில் முப்பத்தைந்து நாள் குழந்தை தூங்கியது.

“சட்டை எங்க?”

“முளைக்கு மேல ஒழுகுச்சு. நனைஞ்சிரக் கூடாதுன்னு காலையில உதறி எதிர்ச் செவுத்துல மாட்டுனேன்.” கைகளைச் சேலையிலிருந்து வெளியே எடுத்தாள். “ஏங்க, என் கையப் பாருங்க. நீலம் பாரிச்சுட்டு. பாம்பு தீண்டுனாத்தான் இப்படி ஆகும்பாங்க. கடிச்ச மாதிரியும் தெரியல. யார்ட்டயும் சொல்லப் பயமா இருக்கு.”

உள்ளங்கை இரண்டும் ஊதா. வேர்வையைத் துடைத்த நெற்றியில் ஊதா. கழுத்தில்.

“பாம்பு இல்ல, சாயம். பிள்ளயத் தொட்டியா?”

“இல்ல. இந்தக் கையோட எப்படித் தொடுவேன்? மதினிதான் பாத்துக்கிட்டாங்க.”

குனிந்து பார்த்தான். கன்னத்தில் இல்லை. மூடிய பிஞ்சுக் கைகளில் இல்லை. போர்த்திய பழைய வேட்டி வெள்ளையாகவே இருந்தது. பால் வாடை அடித்தது. அப்பாடா என்று அவனுக்கு அழுகையே வந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்தான்.

சட்டை எதிர்ச் சுவரில் தொங்கியது. ஒழுகாத மூலை. அதற்கு நேர் கீழே ஒரு பித்தளைத் தட்டு, மல்லாந்து கிடந்தது. விளக்குப் புகையைப் பிடித்து மை எடுக்கும் தட்டு. புகைக்கரியை வழித்த தடம் தெரிந்தது. வழிக்காமல் விட்ட ஓரத்தில், கருப்பின் மேல், ஏதோ பச்சையாக மினுங்கியது.

பின்னால் சேலையிலிருந்து நீர் சொட்டும் சத்தம் கேட்டது. தீட்டு அறைக்குள் வந்து போனதற்காகக் கிணற்றடியில் குளித்துவிட்டு அன்னத்தாய் கதவுக்கு வெளியே நின்றிருந்தாள்.

“என்னலே, பேயறைஞ்சவன் கணக்கா நிக்கே?”

“யக்கா. இந்தத் தட்டுலயா மை எடுத்த?”

“ஆமாலே. வெளக்கெண்ண விட்டுக் கொழச்சேன். இந்தத் தடவ என்னா மினுமினுப்புலே. மயில் கழுத்து மாதிரி.” அவள் வலது கையை நீட்டினாள். “வெரல்லதான் என்னமோ ஒட்டிக்கிட்டு. செம்புத் தண்ணியில கழுவுனேன், போவல.”

மோதிர விரல். மற்ற விரல்கள் சுத்தமாக இருந்தன. அந்த ஒரு விரல் மட்டும் நுனியிலிருந்து கணு வரை ஊதா.

“பிள்ளைக்கு இட்டுட்டியா?”

“ரெண்டு கண்ணுக்கும் இட்டேன். மொதல்ல வீல்னு கத்துனா. பெறவு அடங்கிட்டா. அப்பப் புடிச்சு எம் மருமவ கண்ணே தொறக்கல, அசந்து தூங்குதா.”

பிரம்மநாயகி அவன் முகத்தைப் பார்த்தாள்.

தண்ணீர். நிறையத் தண்ணீர். உடனே. டாக்டரம்மா அதையும் சொல்லியிருந்தாள். குடத்தையும் விளக்கையும் கொண்டுவரச் சொல்லிக் கத்தினான். குழந்தையின் தலையை மடியில் ஏந்தினான். இருட்டில் தெரியாதது இப்போது விரலுக்குத் தெரிந்தது. இமைகள் வீங்கியிருந்தன. இறுக ஒட்டியிருந்தன. சூடாக இருந்தன.

ஊற்றினான். கரிய எண்ணெய் இளகி வழிந்தது. அதற்குப் பின்னால் ஊதா. காதோரம் ஓடி, முடியை நனைத்து, அவன் மடியில் ஊறியது. மறுபடி ஊற்றினான். ஊதா. மறுபடி. குடம் பாதியாகியும் நிறம் வெளிறவில்லை. அன்னத்தாய் அந்த விரலை மற்றக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள்.

குழந்தை அழவில்லை. தண்ணீர் முகத்தில் விழ விழ, அழவே இல்லை.

“தொறக்குதா” என்றாள் பிரம்மநாயகி. “ஏங்க, கண்ணத் தொறக்குதா பாருங்க.”

இமைகள் பிரிந்தன. முதலில் ஒன்று. பிறகு மற்றது.

வெள்ளை விழி இல்லை. கருவிழியும் இல்லை. ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே ஊதா. நனைந்து, பளபளப்பாக, அசையாமல்.

அவன் விளக்கை அருகே கொண்டுபோனான். இன்னும் அருகே. அவன் புறங்கை சுட்டது. அந்த இரண்டு ஊதாவிலும் ஒவ்வொரு சுடர் நின்று எரிந்தது. பிரம்மநாயகி பெயர் சொல்லிக் கூப்பிட்ட பக்கம் குழந்தை தலையைத் திருப்பி, வாயை அகலத் திறந்து சிரித்தது.

இமைக்கவில்லை.