கீழடுக்கின் இழுவை

மேலடுக்கில் மின்சாரத்தை நிறுத்திவிட்டாள்; கீழடுக்கின் அளவு மட்டும் பூஜ்யத்துக்கு இறங்கவில்லை.

கேபிளைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தாள். அப்படியேதான் இருந்தது. அவள் அளந்துகொண்டிருந்தது நகத்தளவு மின்னணுச் சில்லு. உள்ளே இரண்டு மெல்லிய அடுக்குகள், நடுவே மின்சாரம் தாண்ட முடியாத தடுப்பு. திரவ ஹீலியத்தின் கடுங்குளிரில் மேலே எலக்ட்ரான்கள் ஓடினால், தொடாமலே கீழே இருப்பவையும் இழுபட்டு நகரும். அந்த இழுவையை அளக்கத்தான் அவளுடைய ஆய்வில் ஆறு வருடம் போயிருந்தது. மேலே எதுவும் ஓடாதபோது கீழே எது நகர்கிறது?

“உன் கைடு சார் ஃபோன்ல என்ன சொன்னாரு, டாக்டரம்மா?” என்றார் ஹீலியம் ஆபரேட்டர். இன்னும் பட்டம் வாங்காதவளை அப்படிக் கூப்பிடுவதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

“கரண்ட் கசிவாம். தூக்கிக் குப்பையில போடுன்னாரு.”

“போடப் போறியா?”

“அவர் தலையில வேணா போடுறேன். ஹீலியம் எதுவரைக்கும் தாங்கும், அண்ணே?”

“அஞ்சு மணி. அப்புறம் சூடேறி, போன சில்லு மாதிரி இதுவும் விரிசல் விட்டுடும்.”

இதுதான் கடைசிச் சில்லு. ஐந்துக்குள் அளவுகளை எடுத்து முடிக்காவிட்டால், ஆறு வருடத்துக்கும் மிஞ்சுவது சாரின் ‘கசிவு’தான்.

ஜன்னலே இல்லாத அந்த நிலத்தடி அறையில், பம்புகளின் உறுமலுக்கும் சூடான எண்ணெய் வாசனைக்கும் குழாய்களில் பூத்த வெண்பனி உருகிச் சொட்டும் ஓசைக்கும் நடுவே அவள் எழுந்து எதிர்ச்சுவரின் சுவிட்சு வரை நடந்தபோது, ஒவ்வோர் அடிக்கும் சற்றுப் பிந்தி, தரைக்குக் கீழிருந்து இன்னோர் அடி கேட்டது. அளவு காட்டும் திரையில் கோடும் அதே அடிக்கு எழுந்து விழுந்தது.

நின்றாள். அதுவும் நின்றது.

“கீழ யாருண்ணே?”

“கீழ ஏது ஆளு? வெறும் மண்ணு.” அவர் முகம் வெளுத்திருந்தது. “வாம்மா, போயிடலாம்.”

“நீங்க போங்க. எனக்கு இன்னும் இருபது அளவு பாக்கி.”

“பிடிவாதம் பிடிக்கிற நேரமா இது?”

“வேற நேரம் ஏது? அஞ்சு மணியோட எல்லாம் முடிஞ்சுது.”

அவர் வெளியேற, கதவு சாத்திக்கொண்டது. அவள் தரையை ஓங்கி மிதித்தாள். கீழேயும் ஓங்கி ஒரு மிதி.

“மிதி. எழுதிக்கிறேன்,” என்று மேசையருகே நின்றபடி நோட்டைத் திறந்தாள்.

ஒன்பதாவது அளவு. அவள் அசையவில்லை. கீழே நடை தொடங்கியது. கதவோரத்திலிருந்து. மெதுவாக. மேசையை நோக்கி. அவள் பாதங்களுக்கு நேர்கீழே வந்து நின்றது.

அவள் எழுதினாள்.

அது நகர்ந்தது.

வலது கால் நகர்ந்தது. அவள் நகர்த்தவில்லை. பிறகு இடது. மேசை விளிம்பைப் பிடித்தாள். விரல்கள் வழுக்கின. நோட்டு விழுந்தது. பேனா கையில் இருந்தது.

கீழே நடந்தது சுவரைத் தாண்டிப் போய்விட்டது. அவள் கால்களுக்குச் சுவர் ஒரு பொருட்டாக இல்லை. முட்டின. மறுபடி முட்டின. செருப்பு கிழிந்தது. நகம் பெயர்ந்தது.

கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்த்தாள்.

“பத்து.” பல்லைக் கடித்துக்கொண்டு சுவரிலேயே எழுதினாள். “பதினொன்னு.”

கால்கள் சுவரை எதிர்த்து நடந்துகொண்டே இருந்தன.