வேலு வாயைத் திறக்காமல் பேசியது

"செத்துப்போன என் வீட்டுக்காரரு போன வெள்ளிக்கிழம டிவியில என்கிட்டப் பேசினாருக்கா," என்றாள் புஷ்பவள்ளி.

தனுஜா வாயில் போட்ட பிஸ்கட்டை மெல்லாமல் நிறுத்தினாள். யோகம்மா மட்டும் அசையவில்லை. காப்புறுதி நிறுவனத்தில், இன்சூரன்ஸ் பணம் கேட்டு வரும் பொய்க் கோரிக்கைகளைத் துருவியே தலை நரைத்தவர் அவர். பேயைப் பற்றிச் சொன்னாலும் புருஷனைப் பற்றிச் சொன்னாலும் ஒரே முகத்தோடு கேட்பார். வேலையை விட்டபின், பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு தையல் கடைக்கு மேலே அறை பிடித்துத் துப்பறியத் தொடங்கியிருந்தார். தனுஜா அவருடைய கூட்டாளி. கார் ஓட்டுவது, கதவு தட்டுவது, அவசரப்பட்டு முடிவுக்கு வருவது எல்லாம் அவள் பொறுப்பு.

வெளியே காலையிலிருந்து மழை. எதிர்க்கரை பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரிப் படகில் வந்தவளின் முந்தானை நனைந்து கிடந்தது. அதைப் பிழியக்கூடத் தோன்றாமல் அவள் சொன்னாள்.

அவள் கணவர் தங்கராஜு, 'வாய்க்கொழுப்பு வேலு' என்ற கார்ட்டூன் தொடரில் வேலுவுக்குக் குரல் கொடுத்தவர். பெரியவர்கள் பார்க்கிற கேலித் தொடர் அது. கோயில் தலைவர் முதல் ஓட்டுக் கேட்டு வருகிறவர் வரை வேலுவின் வாயில் விழாத ஆள் பினாங்கில் கிடையாது. கடைசி அத்தியாயத்தில் வேலு செத்துப்போகிறான். பெட்டிக்குள்ளிருந்து எழுந்து உட்கார்ந்து, பொய்யாக அழ வந்தவர்களை ஒவ்வொருவராகக் கிழிகிழியென்று கிழிக்கிறான். அது ஒளிபரப்பாகும் முன்பே, தைப்பூச ரத ஊர்வலத்தன்று, தங்கராஜு நிஜமாகவே போய்ச் சேர்ந்துவிட்டார்.

"அன்னிக்குக் காலையில எங்களுக்குள்ள சண்டக்கா. சிகரெட்ட விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு, திருட்டுத்தனமா ஊதிட்டு வந்து நின்னாரு. வாசக் கிரில் கதவ பூட்டிட்டேன். வெளிய நின்னு கூப்பிட்டுப் பாத்தாரு, நான் தொறக்கல. மத்தியானம் போலீஸ் போன் பண்ணாங்க. ரதம் பாக்க வந்த கூட்டத்துல, தண்ணீர்ப் பந்தல்கிட்ட விழுந்து கெடந்தாராம். நெஞ்சுவலி."

"இந்தச் சண்டை வேற ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டார் யோகம்மா.

"யாருகிட்டயும் மூச்சு விடல. வெளிய சொன்னா, புருஷன கொன்னவளுன்னு பேசுவாங்க. நானே அப்படித்தான் நெனச்சிட்டிருக்கேன்."

தனுஜா ஹென்போனில் அத்தியாயத்தின் கடைசிப் பகுதியைப் போட்டாள். வேலு பெட்டிக்குள் வாயை இறுக மூடிப் படுத்திருக்கிறான். தலைமாட்டில் விளக்கு எரிகிறது. அப்போது அந்தக் கரகரத்த குரல் வருகிறது: "வள்ளி, கிரில்ல பூட்டிட்ட. பரவால்லலா, எனக்குக் கோவமில்ல. சிகரெட்ட இனிமே தொடமாட்டேன்." குரலுக்குப் பின்னால், எங்கோ தூரத்தில், படபடவென்று ஏதோ உடைகிற சத்தம்.

"வேலுவோட பொண்டாட்டி பேரு பாக்கியமாச்சே!" என்றாள் தனுஜா. "அக்கா, இது கம்ப்யூட்டர்ல செஞ்ச குரல். பின்னால பட்டாசு வேற. எவனோ விளையாடியிருக்கான்."

புஷ்பவள்ளி இடைமறித்தாள். "அதத்தான் கேக்க வந்தேன். அவரா சொன்னாரு, இல்ல எவனாச்சும் என் வயித்தெரிச்சல கொட்டிக்கிறானா? கோவத்தோட போனாரான்னு தெரியாம எனக்குச் சோறு எறங்கலக்கா."

யோகம்மா இன்னும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "விழுந்து கிடந்தபோது காலில செருப்பு இருந்ததோ?"

"இல்ல. ரதத்துக்கு எல்லாரும் வெறுங்காலோடதான வருவாங்க? எங்கயோ கழட்டிப் போட்டிருப்பாரு. வாரு அறுந்து, நான் செவப்பு நூலு போட்டுத் தச்சுக் குடுத்த செருப்பு."

இதென்ன கேள்வி என்று தனுஜா நினைத்துக்கொண்டாள். அவளுக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

மூவரும் தொடரைத் தயாரிக்கும் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். அது ரதம் போகும் சாலைக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தது. கம்பளத்தில் தூசி படக்கூடாதென்று எல்லோரும் வாசல் தட்டிலேயே செருப்பை விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். புஷ்பவள்ளி முன்னால் உள்ளே போய்விட, தனுஜா தன் காலணிக்கு இடம் தேடி, அடித்தட்டில் தூசி படிந்து கிடந்த ஒரு ஜோடியை ஓரமாகத் தள்ளப் போனாள்.

"அத தொடாதீங்க!"

கத்தியது ஒலிப்பதிவாளர் யசோதரன். கத்திய பிறகு அவனே வெட்கப்பட்டவன்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். யோகம்மா குனிந்து அந்த ஜோடியை ஒருமுறை பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

இயக்குநர் குணாளன் எல்லோருக்கும் கோப்பி வரவழைத்தான். "அக்கா, அந்த வசனம் எங்களுக்கே தெரியாது. யாரோ ஹேக் பண்ணிட்டாங்க. அண்ணனோட பதிவெல்லாம் ரதத்துக்கு முந்தின வாரமே முடிஞ்சிருச்சு. ரதத்தன்னிக்கு ஸ்டூடியோவே பூட்டு. தெருவெல்லாம் தேங்கா ஒடைக்கிற சத்தத்துல எவன்லா ரெக்கார்டிங் செய்வான்?"

"நல்ல கேள்வி," என்ற யோகம்மா, யசோதரன் பக்கம் திரும்பினார். "தம்பி, முதலில படம் வரைவீங்களோ, குரல் எடுப்பீங்களோ?"

"குரல்தான். அதக் கேட்டுத்தான் வாயசைவு வரைவாங்க."

"மைக்கை எப்படிச் சரிபார்ப்பீங்கள்?"

அவன் குணாளனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஏதாச்சும் பேசுங்கன்னு சொல்லுவோம். மனசுல இருக்கறத பேசுவாங்க."

யோகம்மா கோப்பியைத் தள்ளி வைத்தார்.

"அந்த வசனத்துக்கு வேலுவின் வாய் அசையவில்லை. அப்படியென்றால், படமெல்லாம் வரைந்து முடிந்த பிறகு குரல் சேர்க்கப்பட்டிருக்கு. கடைசியாக ஒலியைச் சேர்க்கிறவர் இந்தத் தம்பி. அவருக்கு அந்தக் குரல் எங்கே கிடைத்தது? தனுஜா கம்ப்யூட்டர் என்றாள். கிரில் பூட்டிய கதை கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர்கள் இரண்டே பேர். வள்ளி வாய் திறக்கவில்லை. ஆகவே தங்கராஜு சொல்லியிருக்கிறார், அதுவும் சண்டைக்குப் பிறகு. சண்டை நடந்ததும் அவர் செத்ததும் ஒரே நாள்."

"அப்ப பின்னால கேட்டது பட்டாசு இல்ல!" தனுஜா துள்ளி எழுந்தாள். "தேங்கா!"

"ஓம், தேங்காய்தான். பூட்டிக் கிடந்ததாகச் சொல்லும் ஸ்டூடியோவில், ரதத்தன்று, மைக் சோதிக்கும்போது அவர் பேசியிருக்கிறார்."

குணாளன் சிரிக்கப் பார்த்தான். "வந்திருக்கலாம். பேசிட்டு எறங்கிப் போய் ரதம் பாத்திருப்பாரு."

"தானாக நடந்து போனவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போயிருப்பார், குணாளன். தூக்கிக்கொண்டு போகப்பட்டவரின் செருப்புத்தான் தட்டிலேயே கிடக்கும். கீழே எல்லோரும் வெறுங்கால். அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அதை வீசியிருந்தால் நானும் தோற்றிருப்பேன். செத்தவரின் செருப்பைத் தொட உங்களுக்குக் கை வரவில்லை."

புஷ்பவள்ளி எழுந்து வாசலுக்கு ஓடினாள். சிவப்பு நூல் தையலைப் பார்த்ததும் அந்தச் செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு கதறினாள். ஐயோ, எந்தப் பொம்பளைக்கும் இது வேண்டாம் என்று தனுஜாவின் மனம் அடித்துக்கொண்டது.

யசோதரன் உடைந்துபோனான். "வரும்போதே நெஞ்சு வலிக்குதுன்னாரு. அத்தியாயத்துல மிச்சமிருந்த வசனத்த அன்னிக்கே முடிச்சுக் குடுக்கணும், அரை மணி நேரம் தாங்குங்கண்ணேன்னு குணாளன் சொன்னாரு. நானும் மைக்கப் போட்டேன். பேசி முடிக்கறப்பவே சாஞ்சிட்டாரு. வலின்னு சொன்ன ஆள வேல வாங்குனது தெரிஞ்சா தொடரே போயிரும்னு, கூட்டத்துல மயங்குன மாதிரி ரெண்டு பேரும் தூக்கிட்டுப் போய்ப் பந்தல்கிட்ட படுக்க வெச்சோம். வெளிய சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. அவரு பேசினது மட்டுமாச்சும் அக்காவுக்குப் போய்ச் சேரட்டும்னு…"

"படுக்க வெச்சப்ப உயிர் இருந்துச்சா?" என்று கேட்டாள் புஷ்பவள்ளி.

யசோதரன் தலையாட்டினான். "இருந்துச்சுக்கா. கைய விடல. நான்தான் பிரிச்சு எடுத்தேன்."

அவளைத் தாங்கிப் பிடிக்கத் தனுஜா பக்கத்தில் போய் நின்றாள். ஆனால் புஷ்பவள்ளி விழவில்லை. முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

"அவருக்குக் கோவமில்லன்னு தெரிஞ்சிருச்சு. அது போதும்னுதான் வந்தேன். இப்ப எனக்குக் கோவம் வருது." அவள் குரலில் நடுக்கமே இல்லை. "என்னாலதான் செத்தாருன்னு மூணு மாசம் அழுதேன். இனிமே அழவேண்டியது நான் இல்ல. எந்திரிங்க ரெண்டு பேரும், போலீஸ் நெலையத்துக்குப் போவோம்."

தனுஜா கார் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினாள்.